அவகாசம் கேட்டவள்

அந்த வெளிநாட்டு நகரின் குடும்ப நீதிமன்றத்தில், மூன்றாம் மாடியில் மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று ஓர் அறை உண்டு. ஜன்னல் கிடையாது. நான்கு நாற்காலி, ஒரு மின்விசிறி. தமிழ் மொழிபெயர்ப்பாளரை மற்ற மூவரும் அகராதி என்றே கூப்பிட்டார்கள். எந்தச் சொல்லைக் கேட்டாலும் பொருள் சொல்வார் என்பதால் வந்த பெயர். வீட்டில் மனைவியும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஏசுவாள். அவள் சொன்னதற்குப் பொருள் வேறு.

அன்று மலையாளத்துக்கான அம்மாள் வரவில்லை. பல்வலி. பத்தே முக்காலுக்கு எழுத்தர் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"மலையாளத்துல ஒரு கேஸ் இருக்கு. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதானே, நீங்க பாத்துக்க மாட்டீங்களா?"

ஒன்றல்ல என்று அகராதிக்குத் தெரியும். ஆனால் கல்யாணத்துக்கு முன் இரண்டு மலையாளிகளோடு ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தவர். தெரியாது என்று சொல்ல அவருக்கு நா எழாது.

"அதுக்கென்ன, சமாளிச்சிடலாம்" என்று எழுந்தார்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். சலவை நிறுவனத்தில் இஸ்திரி போடுகிறவள். மணிக்கட்டில் நீராவி சுட்ட தழும்பு. நான்கு மாதம் முன்பு கணவன் அவளை வெளியே அனுப்பிவிட்டு, நாலு வயது மகளைத் தன்னோடு வைத்துக்கொண்டான். அவன் பக்கத்தில் வக்கீல் நின்றார். அவள் பக்கத்தில் அகராதி மட்டும்.

என்ன சொல்ல விரும்புகிறாய் என்று நீதிபதி கேட்டார். அவள் நிமிர்ந்து சொன்னாள்:

"என்றெ மோளுடெ மேல் எனிக்கும் அவகாசமுண்டு. ஆ அவகாசம் எனிக்கு வேணம்."

மோள் புரிந்தது, வேணம் புரிந்தது. அவகாசத்துக்கு யாரைக் கேட்க வேண்டும்? மகள் விஷயமாக அவகாசம் கேட்கிறாள் என்று நீதிமன்ற மொழியில் சொன்னார்.

"எத்தனை நாள் வேண்டும்?" என்றார் நீதிபதி.

"எத்தர நாள்?" என்று அவளைக் கேட்டார் அகராதி.

அவள் குழப்பத்தோடு அவரைப் பார்த்தாள். பிறகு, "என்னும்" என்றாள்.

இந்தச் சொல் அவருக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டிருக்கலாம். நீதிபதி பேனாவைத் திறந்து பிடித்திருந்தார். பின்னால் பதினொரு வழக்குகள் காத்திருந்தன. நீதிமன்றம் பார்த்துக் கொடுப்பதை ஏற்கிறாள் என்று சொல்லிவிட்டார்.

மூன்று மாதம் அவகாசம். அதுவரை குழந்தை தகப்பனிடம். கணவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தாய்மொழி மலையாளம்தான்.

அவள் கையில் கொடுத்த தாளை அவளால் படிக்க முடியாது. வராந்தாவில் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"அவகாசம் குடுத்தாச்சும்மா."

அவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தேம்பி அழுதாள். வாய்தா கிடைத்ததற்கு யாராவது இப்படி அழுவார்களா என்று அவருக்கு ஒரு கணம் உறுத்தியது. அதற்குள் அடுத்த வழக்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான்காம் நாள் அவள் அந்தத் தாளோடு அறைக்கே வந்தாள். அன்று மலையாள அம்மாள் இருந்தார். மகளுக்கென்று சின்னக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு, நேற்று கூட்டிவரப் போயிருக்கிறாள். வீடு பூட்டியிருந்தது. தகப்பனும் மகளும் பெட்டிகளோடு விமான நிலையத்துக்குக் கிளம்பி இரண்டு நாளாகிறது என்றார்களாம் பக்கத்து வீட்டில்.

மலையாள அம்மாள் தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"சார், அவகாசம்னா என்னன்னு நெனச்சீங்க?"

"டைம். வேற என்ன?"

"எங்களுக்கு அது உரிமை."

அகராதி தாளை வாங்கிப் பார்த்தார். "அப்ப 'என்னும்'னா?"

"எப்பவும்னு அர்த்தம்."

விஷயம் முழுதாகப் பிடிபடாத தெலுங்குக்காரர் ஆர்வமாகத் திரும்பினார். "எங்ககிட்ட அது வாய்ப்பு!"

"எங்களுக்கு லீவு" என்று சிரித்தார் இந்திக்காரர். "எல்லாம் சமஸ்கிருதத்துலேர்ந்து வந்ததுதானே. அங்க அதுக்கு இடைவெளி, காலி இடம்னு அர்த்தம். ஒரே சொல்லு எப்படியெல்லாம்…"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடறீங்களா?" என்றார் மலையாள அம்மாள்.

வேறு நாளாக இருந்தால் இந்தப் பேச்சை அகராதிதான் ஆரம்பித்திருப்பார். அன்று எழுந்து எழுத்தரிடம் போய் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். முதல் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று எழுத ஒரு நிமிஷம் ஆனது. இரண்டாவது புரியாமலே பதில் சொன்னேன் என்று எழுத அரை மணி ஆனது.

"இதெல்லாம் எதுக்கு எழுதறீங்க? முதலாவது போதாதா?" என்று எழுத்தர் தணிந்த குரலில் கேட்டார்.

"போதாது."

அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. இரண்டு வாரத்தில் உத்தரவைத் திருத்தினார்கள்: மகள் மேல் தாய்க்கு முழு உரிமை உண்டு. கணவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று அவனுடைய வக்கீலுக்கே தெரியவில்லையாம்.

அந்த உத்தரவு வாசிக்கப்பட்ட அன்று அகராதி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மலையாள அம்மாள் வாயைத் திறக்குமுன் அந்தப் பெண் வேண்டாமென்று கையைக் காட்டினாள். நீதிமன்ற மொழியிலேயே, தட்டுத் தடுமாறி, அவளே பேசினாள். இலக்கணம் தப்பு, உச்சரிப்பும் தப்பு.

"சரி, உரிமை. என் மகள் எங்கே?"

அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.