மக்ரே துரையின் சட்டம்

எங்கள் ஊருக்குக் கால்பந்தைக் கொண்டுவந்தவர் மக்ரே என்ற ஸ்கொட்லாந்துக்காரர். முதல் உலகப் போருக்கும் முந்திய கதை. அவர் நாட்டில் சம்பளத்துக்குப் பந்தடித்த ஆரம்பகால ஆட்டக்காரர்களில் ஒருவராம். முழங்கால் போனதும் கப்பலேறி, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் எங்கள் மணல்திட்டுக்கு, தென்னந்தோட்டக் கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தார். பந்தை வானத்துக்கு உதைத்துவிட்டு வாயைப் பிளந்து நின்ற மீன்காரப் பையன்களை, நிலத்தோடு உருட்டிக் கொடுத்து வாங்கி ஓடப் பழக்கினார். பிறகு காய்ச்சலில் செத்துப்போனார். மனிதர் நல்லவர்தான். ஆனால் அவர் விட்டுப்போன சட்டங்கள் இருக்கின்றனவே, அவற்றை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வருடாவருடம் நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமஸுக்கு, மறுநாள் காலை, கடற்கரை மைதானத்தில், பக்கத்து ஊருடன் ஆட்டம் நடக்க வேண்டும். அது ஒரு சட்டம். இத்தனை பெரிய வருடத்தில் துரைக்கு வேறு நாளே கிடைக்கவில்லை. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டும் ஊரே அங்கேதான் நின்றது. கடல் வந்து வாரிக்கொண்டு போனது. எங்கள் அணியில் தப்பியது தலைவன் ஜொய்சன் மட்டும். என் அக்கா பீற்றிஸின் மூத்த மகன். வாவிக்கரைக் கண்ணாமரக் கிளையில் தொங்கிக் கிடந்தான். கோல் காத்த அவனுடைய தம்பி அன்ரனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். அடுத்த வருடமே ஜொய்சனை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். வன்னியில் போர் முடிந்து, தடுப்பு முகாமிலும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு வீடு வந்தான். வந்தவன் வாய் திறக்கவில்லை. இருத்திய இடத்தில் இருந்தான். "ஒரு வாயாவது தின்னு மனே" என்று அக்கா கெஞ்சினால் தின்றான்.

அந்த நத்தாருக்கு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவோம் என்று கால்பந்துக் கழகச் செயலாளர் செபஸ்தியாம்பிள்ளை கிளம்பினார். அந்த இழவெடுத்த ஆட்டம் வேண்டாம் என்று நான் கத்தினேன்.

"பந்தக் கண்டா அவன் மாறுவான், தம்பி. நீ குறுக்க நிக்காத" என்றாள் அக்கா. அவளுக்கு மிஞ்சியிருந்த நம்பிக்கை அது ஒன்றுதான்.

ஆட்டத்தன்று காலை ஜொய்சன் சப்பாத்துக் கயிற்றைத் தானாகவே கட்டினான். அக்கா குசினிக்குள் ஓடிப்போய் அழுதாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துபோனது.

துரையின் இன்னொரு சட்டம் இது: ஆட்டம் தொடங்குமுன், கடைசியாக ஆடிய அணியின் தலைவன் தன் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஒவ்வொருவனும் 'ஓம்' என்று பதில் சொல்லித் தன் இடத்தைப் புதியவனுக்குக் கொடுக்க வேண்டும். பதில் வராமல் விசில் இல்லை. பிந்தி வரும் சோம்பேறிகளை அடக்கத் துரை போட்டது. இடையில் யாராவது செத்திருந்தால் வீட்டார் 'ஓம்' சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். அதனால் செத்தவர்களின் தாய்மாரையும் சகோதரங்களையும் செபஸ்தியாம்பிள்ளை கோட்டோரம் வரிசையாக நிறுத்தினார். நல்ல ஏற்பாடு என்றுதான் ஊரே நினைத்தது.

ஜொய்சன் நடுவட்டத்தில் போய் நின்றான். முதல் பேர் எப்போதும் கோல் காப்பவனுடையது.

"அன்ரன்!"

எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தக் குரல்! சனம் கைதட்டியது. அக்கா முகமெல்லாம் சிரிப்பாக, "ஓம் மனே!" என்றாள்.

ஜொய்சன் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க இல்லம்மா. அவன் வரட்டும்."

கைதட்டல் நின்றது. அவன் மறுபடியும் கூப்பிட்டான். கையைக் காதோரம் வைத்துக் காத்திருந்தான். செபஸ்தியாம்பிள்ளை கிட்டப் போய், "அடுத்த பேரச் சொல்லு மனே" என்றார்.

"பதில் வரல்லயே ஐயா. துரைட சட்டமெல்லோ" என்றான், மிகவும் மரியாதையாக.

மழை பிடித்தது. பக்கத்து ஊர் அணி வேனில் ஏறிப் போனது. எங்கள் சனமும் ஒவ்வொருவராகக் கலைந்தது. நான் போய் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். நட்ட கட்டைபோல நின்றான். இரண்டாவது பேரை அவன் சொல்லவே இல்லை.

அக்கா நனைந்தபடி கோட்டோரத்திலேயே நின்றாள்.

"கூட்டிட்டுப் போவம், அக்கா" என்றேன்.

"ஆரக் கூட்டிட்டுப் போற?" என்றாள். "எனக்கு ரெண்டு புள்ளையளும் கடல் வந்த அண்டைக்கே போயிட்டுதுகள், தம்பி."