மகாராணியின் மூச்சில் பூண்டு வாசம்

மாட்டின் மூச்சில் வெள்ளைப்பூண்டு வாசம் அடித்தது. நாகலெட்சுமி தீவனச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் குனிந்து மோந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை, ரசத்துக்குத் தட்டிப் போட்ட பூண்டின் வாசம்தான். மகாராணி ஒன்றும் அறியாதவள் போலக் கண்ணை உருட்டினாள்.

மகாராணி என்று பெயர் வைத்தவர் சோலைமலை. டயகம தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் அவளைக் கட்டிவைத்துக்கொண்டு, பெண்டாட்டி நாகலெட்சுமியிடம் சொல்லாத கதையெல்லாம் அவளிடம் சொல்லுகிற மனிதர். ஆனால் கொஞ்சத் தெரியாது; ஏசத்தான் தெரியும். “தின்னுடி சோம்பேறி, ஒங்கப்பன் வீட்டுச் சீதனமா இது?” என்று அவர் ஏசினால்தான் அவளும் வாயைத் திறப்பாள். மானாப்புல் அறுக்கப் போன இடத்தில் குளவிக்கூடு கலைந்தபோது மாடும் கூட நின்றது. அவர் கயிற்றை அறுத்து அவளை விரட்டிவிட்டார். உடம்பெல்லாம் தடித்துப்போய் அவள் தனியாக வீடு வந்து சேர்ந்தாள். அவரை நாலு பேர் தூக்கி வந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஈ பறந்தாலே மாட்டுக்கு நடுக்கம். வயிற்றில் கன்று வேறு. போன ஈற்றில் நச்சுக்கொடி விழாமல் உள்ளேயே அழுகி, காய்ச்சலில் கிடந்து பிழைத்தவள். இந்தத் தடவையும் அப்படி ஆனால் தாங்கமாட்டாள் என்று மாட்டு டொக்டர் நிஷாந்தி சொல்லியிருந்தார்.

“நம்ம பக்கத்துப் புல்லுல செலினியம்ங்கிற சத்து பத்தாதுங்க அக்கா, அதான் கொடி விழல. பயந்துபோன மாட்டுக்கு அது இன்னும் வேணும். இந்தத் தூள டின்னுல இருக்க கரண்டியால தலைதட்டி ஒன்னு, ஒரு நாளைக்கு ஒருக்காதான் குடுக்கணும். கூடினா நஞ்சு. வெளங்குச்சா?”

நாகலெட்சுமிக்கு விளங்கியது, மகாராணிக்குத்தான் விளங்கவில்லை. தூள் கலந்த புண்ணாக்கு உருண்டையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கெஞ்சிப் பார்த்து, அழுதும் பார்த்துவிட்டு, கடைசியில் நாகலெட்சுமி விறகுக்கட்டுக்குப் பின்னால் ஒளித்திருந்த சோலைமலையின் கம்பளிக் கோட்டை எடுத்தாள். கருமாதியன்று அவருடைய துணிமணியெல்லாம் ஆற்றில் போனது. கோட்டை மட்டும் விட அவளுக்கு மனசு வரவில்லை. செத்தவர் துணி வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லி, பக்கத்துக் காம்பராவில் இருக்கிற அவருடைய அக்கா காளியாயி அதை எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆற்றில் விட்டாயிற்று என்று பொய் சொல்லிவைத்திருந்தாள் நாகலெட்சுமி. அதனால் விடிவதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு போய் உருண்டையை நீட்டினாள். மகாராணி கோட்டுக் கையை வெகுநேரம் மோந்துவிட்டுத் தின்றாள். அதுவே தினசரி வழக்கமாயிற்று. கோட்டு மதினி காளியாயி கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று அவளைக் கொட்டகைப் பக்கமே அண்டவிடவில்லை.

இப்போது இந்த வாசம். சளிக்கும் பூண்டு, சுளுக்குக்கும் பூண்டு என்கிற ஆள் அந்த லயத்தில் ஒருத்திதான்.

“மதினி! மாட்டுக்குப் பூண்டு குடுத்தீங்களா?”

“பூண்டு விக்கிற வெலைக்கு எங்க வீட்டு ரசத்துலயே அது கெடையாது. ஒம் மாட்டுக்குக் குடுப்பனா?”

நாகலெட்சுமி டொக்டருக்கு போன் எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் டொக்டரின் குரல் மாறியது. “அக்கா, தூளு கூடிப்போச்சா? செலினியம் கூடினா மூச்சுல அந்த வாசம் வரும்.”

“இல்லைங்க மிஸ், கரண்டியால ஒரு தடவதான் குடுக்குறேன்.”

பக்கத்தில் நின்ற காளியாயி மெல்ல வாசற்படியில் உட்கார்ந்தாள். “நீ கொழுந்தெடுக்கப் போனதும் நானும் அந்தத் தூளக் குடுத்தேன்டி. அவ திங்க மாட்டேங்கிறான்னு சொல்லி அழுதியே. தம்பி மாதிரி ஏசிப் பாத்தேன், தின்னுட்டா.”

“எவ்வளவு குடுத்தீங்க?”

காளியாயி உள்ளங்கையைக் குழித்துக் காட்டினாள். நாகலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மதினி?”

“நீதான் என்னய அந்தப் பக்கமே விடலயே. ஆமா, நீ குடுத்தப்ப மட்டும் எப்படித் தின்னா?”

நாகலெட்சுமி உள்ளே போய்க் கோட்டை எடுத்து வந்து நீட்டினாள். காளியாயி அதைக் கண்டதும் கத்தப்போகிறாள் என்று நினைத்தாள். காளியாயி காலரை மூக்கில் வைத்துக்கொண்டாள். பீடியும் மாட்டு வேர்வையும் கலந்த வாசம். “ஆத்துல விட்டேன்னு சொன்னியேடி, பொய்க்காரி” என்றாள். அன்று முழுக்கக் கோட்டைத் திருப்பித் தரவேயில்லை.

டொக்டர் வந்து குளம்பையும் வால்மயிரையும் தடவிப் பார்த்தார். தூளை நிறுத்தி, புல்லும் தண்ணியும் தாராளமாகக் கொடுக்கச் சொன்னார். “இப்போதைக்குத் தப்பிச்சா. கன்னு போட்டு, கொடி விழுற வரைக்கும் நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்.” போகும்போது டின்னைத் தானே எடுத்துக்கொண்டு போனார்.

பூண்டு வாசம் மெல்லக் குறைந்து மறைந்தது. பனிமூட்டமும் தூறலுமாக இருந்த ஒரு மத்தியானம் மகாராணி கன்று போட்டாள். கிடாரி. நெற்றியில் வெள்ளை. பாதிக் கொடி வெளியே தொங்கியது. இழுக்காதீங்க, பொழுது சாயறதுக்குள்ள தானா விழணும் என்று போனில் டொக்டர் சொல்லிவிட்டார். நடுங்கிய கன்றின் மேல் நாகலெட்சுமி கோட்டைப் போர்த்தினாள். செத்தவர் துணி கூடாதென்ற காளியாயியே நழுவிய கோட்டுக் கையை இழுத்துச் சரிசெய்தாள்.

இருவரும் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். தேத்தண்ணி ஆறிப்போனது. கொடி அப்படியே தொங்கியது. மகாராணி கன்றை நக்குவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டாள்.

“ஏசுங்க மதினி” என்றாள் நாகலெட்சுமி.

காளியாயி தொண்டையைச் செருமினாள். “என்னடி மொறச்சிக்கிட்டு நிக்கிற, சோம்பேறி? மகாராணின்னு பேரு வச்சா அரண்மனையில இருக்கேன்னு நெனப்பா ஒனக்கு? முக்குடி!”

அச்சு அசல் சோலைமலையின் குரல். மகாராணியின் வயிறு ஒருமுறை இறுகித் தளர்ந்தது. தலை நிமிர்ந்தது. காதுகள் காளியாயி பக்கம் திரும்பவில்லை. முன்பு அவர் புல்லுக்கட்டைச் சுமந்து ஏறி வருகிற ஒற்றையடிப் பாதைப் பக்கம் திரும்பி அப்படியே நின்றன. பெண்கள் இருவரும் அந்தப் பக்கமே பார்த்தார்கள். பாதையில் பனி ஏறி வந்துகொண்டிருந்தது.