மச்சினன் பார்க்காத செக்மேட்

பல் டாக்டருக்கு அந்த வீட்டில் செஸ் சாம்பியன் என்று பெயர். பெயர் வைத்தவரும் அவரேதான். ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டு மேஜையில் டேப்லெட்டைப் படுக்கப் போட்டு மச்சினனோடு ஆடுவார், ஜெயிப்பார். திங்கட்கிழமை காலையில் அந்த வெற்றியைத் தம் நோயாளிகளுக்கு ஒரு காய் விடாமல் விவரிப்பார். வாயைப் பிளந்து படுத்திருப்பவர்கள் மறுத்துப் பேசியதாக வரலாறு இல்லை.

அந்தத் தைரியத்தில் பல் மருத்துவர் சங்கத்துச் செஸ் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். நாலு பேர் முன்னால் ஆடப்போகிறோம், கொஞ்சம் மெருகேற்றிக்கொள்வோமே என்று, ஆட்டத்தை அலசிக் குறை சொல்லும் ஒரு புரோகிராமை வாங்கி, டேப்பில் சேமிப்பாகியிருந்த பழைய ஆட்டங்களையெல்லாம் அதற்குள் கொட்டினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

நல்ல நகர்த்தலுக்குப் பச்சை, சொதப்பலுக்குச் சிவப்பு. டாக்டரின் பக்கம் வீங்கிய ஈறு மாதிரி சிவந்து கிடந்தது. மச்சினன் பக்கம் பச்சைப் பசேல். நடுவில் ஒரே ஒரு சிவப்பு: 'இங்கே ஒரே நகர்த்தலில் செக்மேட். தவறவிட்டார்.'

"கண்ணு முன்னாடி நிக்கிற மேட்ட விட்டிருக்கான் பாரு, மக்குப் பய" என்று டாக்டர் சிரித்தார்.

அடுத்த ஆட்டத்திலும் அதே சிவப்பு. அதற்கடுத்ததிலும். எல்லாவற்றிலும். கடைசியில் புரோகிராம் தீர்ப்பு எழுதியது: 'கறுப்பு: தேர்ந்த ஆட்டக்காரர். வெள்ளை: காய்களின் பெயர் தெரிந்தவர்.'

எப்போதும் வெள்ளை டாக்டர்தான். அடுத்த அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மச்சினனை இழுத்து வந்து திரையைக் காட்டினார். "என்னடா இது?"

மச்சினன் திரையைப் பார்த்தான், பிறகு விட்டத்தைப் பார்த்தான். "மாமா, கம்ப்யூட்டர் ஆயிரம் சொல்லும்."

"வேணும்னே தோத்தியாடா?"

"அக்காதான் சொன்னா."

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் மனைவி. "ஆமா, நான்தான் சொன்னேன். மொத மொத பலகையில ஆடுனப்ப இவன்கிட்ட தோத்தீங்களே, ஞாபகம் இருக்கா? மறுநாள் வாத்தியாருக்கு எந்தப் பல்லப் பிடுங்குனீங்க?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "பக்கத்துப் பல்ல."

"ரெண்டு பக்கத்துப் பல்லையும். ஊரு சிரிக்காம இருக்கத்தான் இவன தோக்கச் சொன்னேன்."

டாக்டரின் வாய் திறந்தது. மூட மறந்துவிட்டது. தம் நாற்காலியில் தாமே மல்லாந்து கிடப்பது போலிருந்தது. ஒருவழியாகத் தாடையைச் சேர்த்துக்கொண்டு டேப்பை மேஜையில் வைத்தார். "உக்காருடா. இப்ப நிஜமா ஆடு. விட்டுக்கொடுத்தே, தொலைச்சிடுவேன்."

"வேணாம் மாமா."

"ஆடுடா!"

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அவள் பெருமூச்சு விட்டாள். அவன் ஆடினான். டாக்டர் தம் இரண்டாவது குதிரையை வெளியே எடுப்பதற்குள் ராஜாவுக்குப் போக இடமில்லை.

வீடே அவர் முகத்தைப் பார்த்தது.

"நல்லா ஆடுனே" என்றார் டாக்டர், சிரிப்பு மாதிரி ஒன்றை வரவழைத்துக்கொண்டு. "எனக்கு ஒண்ணுமில்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

மனைவி அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள். "சார், கிளினிக்லேர்ந்து பேசறேன். நாளைக்குப் பல்லு பிடுங்க வராதீங்க... இல்ல இல்ல, டாக்டருக்கு ஒண்ணுமில்ல. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."