வெர்லினின் நான்காவது கீல்

என் கணவர் வெர்லின் பதினோரு வருடமாக எங்கள் கார் கொட்டகையில் ஒரு விமானம் கட்டினார். பேழை கட்டிய நோவா கூட இவ்வளவு நாள் எடுத்திருக்க மாட்டார். போன வசந்தத்தில் அதை ஒருவழியாக ஊர் ஓடுதளத்துக்குக் கொண்டுபோய் இறக்கை மாட்டினார். அன்றைக்குப் பிடித்தது கீல் சனியன்.

இறக்கையின் பின்னோரத்தில் மேலும் கீழும் அசையும் ஒரு பலகை உண்டு. விமானத்தைச் சாய்ப்பது அதுதான். பெட்டி மூடிக்குப் போடுகிற மாதிரி நீளமான கீலில் அது தொங்கும். கீல் தளர்ந்தால் பலகை காற்றில் படபடத்து இறக்கையையே பிய்த்துவிடுமாம். வெர்லின் பழைய கீலின் ரிவெட் ஆணிகளைத் துளைத்தெடுத்துப் புதுக் கீல் போட்டார். அதுவும் ஆடியது. மூன்று மாதத்தில் மூன்று கீல்.

ஆடாமல் என்ன செய்யும்? சனிக்கிழமையானால் விமானம் கட்டுகிற கூட்டம் டோனட் பெட்டியோடு வந்துவிடும். ஒருவனாவது "எப்படி இருக்கே?" என்று கேட்கமாட்டான். நேரே போய்ப் பலகை நுனியைப் பிடித்து உலுக்குவான். அவர்களுக்கு அதுதான் கைகுலுக்கல்.

"லேசா ஆடுதே வெர்லின்," என்றார் டெல்மர். அந்தக் கூட்டத்தில் மூத்தவர்.

"இத்தன பேரு புடிச்சு உலுக்கினா உங்க பல்லு கூடத்தான் ஆடும்," என்றேன்.

"என்னோடது கழட்டி வெக்கிற பல்லு ஆர்லீன்."

நான்காவது கீலை மாட்டியதும் 'தொடாதே' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன். அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உலுக்கினார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். வெர்லின் தனியாக நின்று பலகையை உலுக்கிக்கொண்டிருந்தார். கை துடைக்கத் துணி தேடிக் கருவிப்பெட்டியைத் திறந்தேன். ரிவெட் டப்பாக்களுக்கு அடியில் விமானம் பறக்க அனுமதிக்கும் சான்றிதழ் இருந்தது. தேதியைப் பார்த்தேன், ஏழு வாரம் ஆகியிருந்தது.

"வெர்லின், இது என்ன?"

"பேப்பர்."

"ஆய்வாளர் வந்து பாத்துக் கையெழுத்தே போட்டுட்டாரு. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கீலு ஆடுதுல்ல..."

"இந்தக் கீலையும் சேத்துத்தானே பாத்தாரு?"

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "மொதத் தடவ தனியாத்தான் பறக்கணும் ஆர்லீன். உன்னக் கூட ஏத்தக்கூடாது. பதினோரு வருஷத்துல ஒரு ரிவெட்டாவது தப்பா அடிச்சிருக்க மாட்டேனா?"

இன்னொருத்தியாக இருந்தால் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லியிருப்பாள். எனக்கு வந்தது எரிச்சல்தான்.

"ஒண்ணு பற, இல்ல வித்துத் தொல. நடுவுல நின்னு இதப் புடிச்சு ஆட்டிக்கிட்டிருக்காத."

சனிக்கிழமை விடிந்ததும் நான் விளக்குமாற்றோடு இறக்கைப் பக்கத்தில் நின்றேன். ஒருத்தனும் கிட்டே வரவில்லை. டெல்மரை மட்டும் அனுமதித்தேன். அவர் கீலின் ஆட்டத்தை அளந்து பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு," என்றார். வெர்லின் ஏறினார், ஓட்டினார், மேலே போய்விட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் தட்டவில்லை. போகச் சொன்ன என் வாயில் தீ வைக்க என்றிருந்தது. கடவுளே, இறங்கி வந்தால் போதும், ஆயுசு முழுக்கக் கீல் மாற்றட்டும், நான் வாயே திறக்கமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். சோளக்காட்டுக்கு மேல் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, மூன்று தடவை துள்ளித் துள்ளி இறங்கினார்.

கீழே குதித்து, சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அழுறியா ஆர்லீன்?"

"இல்ல. கோவம்," என்றேன், அவர் சட்டையைப் பிடித்த பிடியை விடாமல்.