புள்ளி பச்சையாகத்தான் இருந்தது

அக்காவிடம் எதையாவது விற்றுவிடலாம் என்று வந்தவர்கள், கடைசியில் அவளிடமிருந்து எதையாவது வாங்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். அப்பாவின் கடையில், அடுக்கி வைத்த பயணப் பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் அவள். விலை படியாத வாடிக்கையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு படி இறங்குவார். நிஜமாகவே போகிறாரா, கூப்பிட மாட்டார்களா என்று போகிறாரா என்பது அவர் முதுகிலேயே தெரிந்துவிடும். அப்பா சரியாக அந்தக் கணத்தில் குரல் கொடுப்பார்: "சரி வாங்க, நீங்க கேட்டதுக்கே எடுத்துக்கங்க." முதுகைப் படிக்கிற அந்தக் கண் அக்காவுக்கு வந்தது. தம்பிக்கு வரவில்லை. அவனைக் கடையில் உட்கார வைத்தால் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் துடைத்தும் கொடுப்பான்.

கடை போய், பிறகு அப்பா அம்மாவும் போய், இரண்டு பேரும் ஒரே மென்பொருள் நிறுவனத்தில் வந்து சேர்ந்தார்கள். தம்பி கோட் எழுதுகிறவன். அக்கா சோதனைக் குழுவின் தலைவி. அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பது அவள் பிழைப்பு. "நான் ஓட்டை போடறேன், நீ கண்டுபிடிக்கற. நல்லா ஓடற குடும்ப வியாபாரம்" என்பான் தம்பி.

அந்தப் பெருநகரத்தில் சம்பளம் என்பது கண்ணில் காட்டிவிட்டு வாடகையாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பொருள். அக்காவுக்கு இரண்டே அறை. ஒன்று அவளும் அவள் கணவரும் படுக்க. மற்றதில் அடுப்பு, சாப்பாட்டு மேசை, துணிக்கொடி, இரண்டு லேப்டாப், ஒரு சோபா, சோபாவில் தம்பி. அவனுக்குக் கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் வீடு எங்கே என்ற கேள்வியில் நின்றுபோனது. சோபாவை விட அவன் நீளம். காலையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதங்களைச் சுற்றிக்கொண்டு அக்காவின் கணவர் தேநீர் போடப் போவார். ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அக்கா சண்டை போட்டிருப்பாள். சொல்லாததால் அவளே யோசிக்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் நிறுவனம், எந்த ஊரிலிருந்தும் வேலை செய்யலாம் என்று அறிவித்தது. குழுவில் ஒவ்வொருவராக வாடகை குறைந்த ஊர்களுக்குப் பெட்டி கட்டினார்கள். போனவர்கள் பால்கனியைப் படம் எடுத்து அனுப்பி, இருந்தவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். அக்கா ஒரு ஊரைப் பிடித்தாள். அதைத் தம்பியிடம் விற்க ஆரம்பித்தாள்.

"எனக்கு இந்த சோபா போதும்க்கா."

"உனக்குப் போதும்டா. உன் காலுக்குப் போதலையே."

"அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

"இங்க மட்டும் யாரைத் தெரியும்? என்னையும் லிஃப்டையும். அங்க தனி ரூம், பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளிய மரம். ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க வந்து பார்த்தா உக்கார நாற்காலி போட இடம் இருக்கும்."

"மரத்துக்கு எவ்வளவு கேக்கறாங்க?"

"மரம் இலவசம். நான் பேசிட்டேன்."

பேசித்தான் இருந்தாள். வீட்டுக்காரர் மனைவியை இழந்து கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் பெரியவர். போனில் அக்கா பேசி முடித்தபோது வாடகை இறங்கியிருந்தது, திரைச்சீலையும் மேசையும் அதற்குள் வந்திருந்தன, அவரோ தனக்கு லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ரயில் நிலையத்தில் தம்பி அப்பா கடையின் கடைசிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தான். ரயிலுக்குள் ஏறும் முன் ஒரு தரம் நின்றான். அந்த முதுகை அக்காவுக்குத் தெரியும். கூப்பிடுவார்களா என்று நிற்கிற முதுகு. அவள் கையசைத்தாள். கூப்பிடவில்லை.

ஆட்கள் பல ஊர்களில் சிதறியதும் மேனேஜருக்குத் தூக்கம் போனது. கண்ணெதிரே தலைகள் தெரியாவிட்டால் வேலை நடக்காது என்று நம்பும் ரகம் அவர். ஆகவே அலுவலகச் சாட் செயலியில் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் இருக்கும் புள்ளியை எண்ணத் தொடங்கினார். லேப்டாப்பில் கை ஓடினால் புள்ளி பச்சை. சற்று நேரம் ஓடாவிட்டால் மஞ்சள். இரண்டு முறை மஞ்சள் கண்டால் போன் வரும்: "எங்க இருக்கீங்க?" கழிவறைக்கு நிம்மதியாகப் போக முடியவில்லை என்று தம்பி புலம்பினான்.

அக்கா மின்சாமான் சந்தைக்குப் போனாள். உள்ளங்கை அளவில் ஒரு தட்டு. அதன்மேல் மவுஸை வைத்தால் அடியில் ஒரு சக்கரம் கறக் கறக்கென்று மெதுவாகச் சுற்றி, யாரோ அசைத்துக்கொண்டிருப்பதாக லேப்டாப்பை நம்ப வைக்கும். கடைக்காரன் அதை ஏதோ ஆங்கிலப் பெயரில் சொன்னான். அக்கா தொட்டில் என்றாள். ஒன்றின் விலைக்கு இரண்டு வாங்கினாள். ஒன்று தனக்கு, ஒன்று கூரியரில் தம்பிக்கு.

"தொட்டில் வந்துச்சுக்கா. நல்லாத் தூங்குது பிள்ளை" என்றான் போனில். "இப்ப மேனேஜருக்கு நான் இருபத்தி நாலு மணி நேரமும் வேலை செய்யற ஆளு."

"பார்த்துடா, சிறந்த ஊழியர்னு கோப்பை குடுத்துடப் போறார்."

முதலில் தினமும் பேசினார்கள். பிறகு பேசியதையே பேச வேண்டியிருந்தது. ஊர் எப்படி என்றால் "சத்தமே இல்லக்கா" என்பான். அதைப் புகார் என்று எடுத்துக்கொள்ள அக்காவுக்குத் தோன்றவில்லை, அவள் விற்ற சரக்கில் அதுவும் ஒரு சிறப்பம்சம். போன் குறைந்தது. காலையில் லேப்டாப்பைத் திறந்ததும் அவன் பெயரைப் பார்ப்பாள். பச்சை. சரி, எழுந்துவிட்டான். அவ்வளவில் மனம் அடங்கிவிடும். அவன் பச்சை எதனால் என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஆனாலும் கைப்பழக்கம் போல் கண்பழக்கம் என்று ஒன்று உண்டு.

மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாகும் பெரிய ரிலீஸ் வருவதற்கு முந்தின ஞாயிறு அவனே கூப்பிட்டான்.

"அக்கா, ஒரு வாரம் அங்க வந்து சோபாவில படுத்துக்கட்டுமா?"

"ஏன்டா, மரம் சண்டை போடுதா?"

"சும்மாத்தான். ரெண்டு நாளா நெஞ்சு எரியுது. வெளிச் சாப்பாடு. உன் கையால சாப்பிட்டா சரியாயிடும்."

"மருந்துக்கடையில ஏதாவது வாங்கிப் போடு. ரிலீஸ் முடியட்டும், வா." பிறகு கொஞ்சம் தயங்கி, "சோபாவை வித்துட்டேன்டா. அங்க எனக்கு மேசை போட்டாச்சு" என்றாள்.

அந்தப் பக்கம் சிரித்தான். "எவ்வளவுக்குப் போச்சு?"

"வாங்கின விலைக்கே."

"நீ அப்பாவையே மிஞ்சிட்டக்கா."

திங்கள் பச்சை. செவ்வாய் பச்சை. ரிலீஸ் வாரத்தில் எல்லோரும் நேரம் காலம் இல்லாமல் பச்சையாகத்தான் இருந்தார்கள். செவ்வாய் மதியம் மீட்டிங்கில் மேனேஜர் தம்பியைப் பெயர் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டார். பதில் இல்லை.

"பச்சையாத்தான் இருக்கான் சார்" என்றாள் அக்கா. "வேலையில மூழ்கியிருப்பான். நான் கேட்டுச் சொல்றேன்."

கேட்டு அனுப்பிய செய்தி படிக்கப்படாமல் கிடந்தது. சோபா விற்றதில் கோபம் என்று நினைத்தாள். சின்ன வயதிலும் அப்படித்தான். கோபம் வந்தால் பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு, கூப்பிட்டால் கேட்காத மாதிரி இருப்பான். தானாக வெளியே வரட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் தொழிலில், எல்லாம் சரி என்று திரையில் பச்சை காட்டும்போதுதான் சந்தேகப்பட வேண்டும். மேனேஜர்களிடம் அதைச் சொல்லிச் சொல்லியே குழுத் தலைவி ஆனவள்.

புதன்கிழமை காலை வீட்டுக்காரர் போன் செய்தார்.

"அம்மா, உங்க தம்பி ஊருக்கு ஏதும் வந்திருக்காரா?"

"இல்லையே. ஏன் ஐயா?"

"நேத்து வச்ச பால் பாக்கெட் வாசல்லயே இருக்கு. தட்டினா திறக்கல. விளக்கு எரியுது. உள்ள ஏதோ கறக் கறக்னு ஓடற சத்தம் கேக்குது. அதான், வேலையா இருக்கார் போலனு நேத்து தொந்தரவு பண்ணாம வந்துட்டேன்."

அதே கறக் கறக் அக்காவின் மேசையிலும் ஓடிக்கொண்டிருந்தது.

"கதவை உடைங்க ஐயா" என்றாள். "எவ்வளவு ஆனாலும் நான் குடுக்கறேன்." வாழ்க்கையில் முதல் தடவையாக விலை கேட்காமல் பேசினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கொண்டுபோக வேண்டிய அவசரம் முடிந்த பிறகு. மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவில் விழுந்திருந்தான் என்றார் வீட்டுக்காரர். இதயம் என்றார் டாக்டர். செவ்வாய் விடிவதற்குள் நடந்திருக்கும் என்றார்.

"உடனே போயிருக்கும்ல, டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா."

"ரொம்ப நேரம் இருந்திருக்காதுல்ல?"

"ரொம்ப நேரம்னு சொல்ல மாட்டேன்."

"யாரையாவது கூப்பிடற அளவுக்கு... முடிஞ்சிருக்காதுல்ல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குக் கீழே அவர் இறங்கி வரவில்லை.

எல்லாம் முடிந்து அறையைக் காலி செய்யப் போனாள். ஜன்னல் பெரியதுதான். மரமும் இருந்தது. பெண் வீட்டார் உட்காருவதற்கென்று இரண்டு நாற்காலிகள் வாங்கிச் சுவரோரம் போட்டிருந்தான். ஒன்றின் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மேசையில் தொட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தவோ தொடவோ யாருக்கும் தோன்றவில்லை. முன்பணத்தை வீட்டுக்காரர் நீட்டியபோது எண்ணாமல் பைக்குள் போட்டாள்.

"பேசாத பிள்ளைம்மா" என்றார் அவர். "சாயங்காலம் கீழ வந்து என்கூட கொஞ்ச நேரம் உக்காருவார். உங்க அப்பா கடை கதைதான். நீங்க பேரம் பேசற மாதிரி பேசிக் காட்டுவார். சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கண்ல தண்ணி வந்துடும்."

லேப்டாப்பையும் தொட்டிலையும் அப்பாவின் பெட்டியில் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்தாள். சோபா இருந்த இடத்து மேசையில் வைத்தாள். கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். அப்பா கடையின் பழைய போன் எண். நிறுவனம் ஆளைச் சேர்ப்பதில் காட்டும் வேகத்தை நீக்குவதில் காட்டவில்லை, அவன் கணக்கு இன்னும் திறந்தே இருந்தது. மவுஸைத் தொட்டிலில் படுக்க வைத்தாள். பக்கத்தில் இருந்த தன் திரையில் அவன் பெயருக்கு நேரே புள்ளி பச்சையானது. பொய் என்று தெரியும். காலையில் எழுந்ததும் அந்தப் பொய்யைப் பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவினாள். கணவர் பார்த்தார். அவர் வழக்கப்படி எதுவும் சொல்லாமல் மேசையைச் சுற்றிக்கொண்டு தேநீர் போடப் போனார்.

நிறுவனத்தின் சாதனப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"மேடம், ரொம்ப வருத்தமா இருக்கு. அந்த லேப்டாப்பை நாளைக்கு எடுத்துக்க ஆள் அனுப்பட்டுமா?"

"ஒரு மாசம் கழிச்சு வாங்கிக்கங்க."

"மாசமெல்லாம் முடியாது மேடம்."

"பதினஞ்சு நாள்."

"ரூல் அப்படி மேடம். அக்கவுண்டை மூடணும். மூடிட்டா அந்தப் பெயரே வராது."

"ஒரு வாரம்மா." அக்காவின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. கடையில் பார்த்திருக்கிறாள், கையில் காசில்லாமல் பொருளை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களை. அவர்கள் குரல் அது.

"அதுல ஏதாவது ஃபைல் எடுக்கணுமா மேடம்?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு மேடம்?"

அக்காவிடம் சொல்வதற்குச் சரக்கு ஒன்றும் இல்லை. "நாளைக்கே அனுப்புங்க" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆள் வருவதற்கு முன், யாரோ எங்கிருந்தோ மூடுவதற்கு முன், தானே செய்துவிடுவது என்று உட்கார்ந்தாள். மவுஸை எடுத்து மேசையில் வைத்தாள். தொட்டில் வெறுமனே சுற்றியது. அதன் கம்பியைப் பிடுங்கினாள். அறை அமைதியானது. இந்த அமைதியைத்தான் அவன் ஒவ்வொரு முறையும் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

புள்ளி உடனே மாறவில்லை. அதற்கு அதன் நேரம் இருந்தது. கணவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படியிறங்கும் முன் நின்ற முதுகு போல அது கொஞ்ச நேரம் நின்றது.

மஞ்சளாயிற்று.

"சரி வா" என்றாள் அக்கா, திரையைப் பார்த்து, சத்தமில்லாமல். "நீ கேட்டதுக்கே எடுத்துக்கோ."