திரும்பித் திரும்பி வந்த வாடகை விளம்பரம்

மயிலாப்பூரில் ராஜகோபாலன் வீட்டு மாடிப் போர்ஷன் பதினாலு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. ஆள் வராமல் இல்லை. வந்தவர்கள் யாரும் அவருக்குச் சரிப்படவில்லை. சைவமாக இருக்க வேண்டும், சின்னக் குடும்பமாக இருக்க வேண்டும், குழந்தைகள் ஓடக் கூடாது, பெரியவர்கள் இருமக் கூடாது. ஒரு ஆடிட்டர் இதிலெல்லாம் தேறினார். சிரித்தால் தெருமுனை வரை கேட்கிறது என்று அவரையும் அனுப்பிவிட்டார்.

கடைசியில் அடையாறிலிருந்து வாராவாரம் வரும் இலவசப் பத்திரிகைக்கு விளம்பரம் எழுதி அனுப்பினார். அங்கே விளம்பரங்களைப் பார்க்கும் அனுப்ரியா மறுநாளே போன் செய்தாள். சாதி, மதம், சாப்பாடு, கல்யாணம் ஆனவரா என்பதையெல்லாம் தாங்கள் போடுவதில்லை என்றாள்.

"யார் வரணும்னு எழுதாதீங்க சார். வீடு எப்படி இருக்குன்னு மட்டும் எழுதுங்க."

முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவர் ராஜகோபாலன். விதியை மீறாமலே காரியத்தை முடிக்கத் தனக்குத் தெரியும் என்று நம்பினார். வீட்டைப் பற்றியே எழுதினார்: 'சமையலறைக்கு மீன் வாசனை ஒத்துக்கொள்ளாது. கூடத்துக்கு ஒன்பது மணிக்கு மேல் விழித்துப் பழக்கமில்லை. படுக்கையறை தம்பதியரை எதிர்பார்க்கிறது.'

வீட்டின் அபிப்பிராயத்தையும் போடுவதில்லை என்று அனுப்ரியா பணிவாகச் சொல்லிவிட்டாள். 'புரிகிறவர்கள் மட்டும் வரவும்' என்று முடித்த மூன்றாவது விளம்பரமும் திரும்பி வந்தது.

அன்று மத்தியானம் அவர் மனைவி சுலோச்சனா சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். அங்கிருந்தே அனுப்ரியாவுக்குப் போன் போட்டு, தானே ஒரு விளம்பரம் சொன்னாள்:

'மாடிப் போர்ஷன், இரண்டு அறை. தண்ணீர் தாராளம். குளியலறைக் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். கீழே இருக்கும் வீட்டுக்காரர் நிறையக் கேள்வி கேட்பார், பதில் சொல்லக் கட்டாயமில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம்.'

அது ஒரு எழுத்து மாறாமல் அச்சானது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே படிக்கட்டு வரை ஆட்கள் நின்றார்கள். முதலில் வந்தது ராயப்பேட்டையிலிருந்து வஜீஹாவும் அவள் அம்மா அஃப்சருன்னிசாவும். ராஜகோபாலன் வாயைத் திறப்பதற்குள் வஜீஹா ஒரு நோட்டைத் திறந்தாள். அதில் வீட்டுக்காரருக்கான கேள்விகள் இருந்தன. போன வீட்டுக்காரர் தினமும் மேலே வந்து குழம்பை மோந்து பார்த்ததால் இந்த ஏற்பாடு என்று விளக்கினாள்.

டி.வி. எத்தனை மணி வரை ஓடும், விருந்தாளி வந்தால் எட்டிப் பார்ப்பாரா, பின்னால் பேசுவாரா என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். ராஜகோபாலன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

"தண்ணித் தொட்டி பாக்கறேன்னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை மேல வருவீங்க?"

"ஒண்ணு. மிஞ்சிப் போனா ரெண்டு."

"ஆறு," என்றாள் சுலோச்சனா உள்ளேயிருந்து.

வஜீஹா ஆறு என்று எழுதினாள். இனிமேல் பெல் அடிக்காமல் வர மாட்டேன் என்று, அவள் கேட்காமலே அவர் வாக்குக் கொடுத்தார். அம்மாவோடு பேசிவிட்டுப் புதன்கிழமை சொல்கிறேன் என்று வஜீஹா சொல்ல, இருவரும் கிளம்பினார்கள்.

அடுத்து வந்தவர்களிடம் ராஜகோபாலனுக்கு மனசு ஒட்டவில்லை. தேர்வு எழுதிவிட்டு வந்தவர் போல வீட்டுக்குள் நடந்தார்.

"ஏண்டி, தொட்டி விஷயத்துல மார்க் கொறச்சுருப்பாளோ?" என்று இரண்டு நாளும் மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை போன் வந்தது. பேசி முடித்ததும் செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடி, வண்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பாண்டுரங்கனிடம் சொன்னார்.

"அவாளுக்கு நம்மளைப் பிடிச்சிருக்காம்ப்பா."

பாண்டுரங்கன் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "நல்லதாப் போச்சு சாமி. இன்னா வேலை பண்றாங்க? துணி நெறைய கீதா?"

தான் அவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் ராஜகோபாலனுக்கு உறைத்தது.