முழங்கால் வலியும் மூன்று விரல்களும்

"அம்மா, நாடி பாக்கறப்ப அவங்க வலி உன் கைக்கு வந்துடாதா?" என்று மியாவ் ஷுச்சினின் மகள் ஐந்து வயதில் கேட்டாள். வராது என்றாள் ஷுச்சின். அடுத்த வசந்தத்தில் வந்தது.

ஹுவாய் ஆற்றங்கரையில் ஷுச்சின் பாடம் எடுத்த மருத்துவக் கல்லூரிக்கு அப்போது ஓர் உத்தரவு வந்திருந்தது. ஒவ்வொரு பாடத்தோடும் ஒரு நற்பண்பைச் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். நாக்கைப் பார்த்து நோயறியும் பாடத்துக்கு நேர்மையும், நாடி பார்க்கும் பாடத்துக்குக் கருணையும் ஒதுக்கப்பட்டன. மற்ற ஆசிரியர்கள் பண்பின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்கள். ஷுச்சின் மட்டும், "விரல் வைக்கறதுக்கு முன்னால கையைத் தேய்ச்சுச் சூடாக்கிக்கோங்க. இவங்க வலி போகட்டும்னு மனசார நினைச்சுக்கோங்க" என்றாள். மாணவர்கள் நினைத்தார்கள். அன்றுமுதல் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தவருக்கு எதிரில் இருப்பவரின் வலி இடம் மாறியது. வேறொருவர் அவர் நாடியைப் பார்க்கும்வரை அது அவரிடமே தங்கியது. ஒரு பல்வலி வகுப்பு முழுக்கச் சுற்றி, நாடி பார்த்துக் காட்டுகிறேன் என்று வந்த முதல்வரிடம் போய்ச் சேர்ந்தது.

மாணவர்கள் சாமர்த்தியசாலிகள் ஆனார்கள். நாடி பார்க்க, வலியில்லாத ஓட்டப்பந்தயக்காரர்களின் மணிக்கட்டுக்கு வரிசை நின்றது. இடுப்பு வலியோடு வந்த பெருக்கும் அம்மாளுக்குத் தேநீர் கொடுத்து, மிகுந்த மரியாதையோடு அனுப்பிவைத்தார்கள்.

பண்பு சேர்ந்துவிட்டதா என்று பார்க்க மாகாணத்திலிருந்து லுவான் என்ற அதிகாரி வந்தார். சேரவில்லை என்றால் ஷுச்சினை நீக்கிவிட்டு, நாடி துடிக்கும் பிளாஸ்டிக் கைகளை வாங்குவதாக ஏற்பாடு. லுவானுக்குப் பழைய முழங்கால் வலி. மாடி ஏறும்போது அவர் முனகியது வகுப்புக்கே கேட்டிருந்தது. அவர் நாடி பார்க்கும் சிறு தலையணைமேல் மணிக்கட்டை நீட்டினார்.

"நீ போடா" என்று ஒரு மாணவன் பக்கத்தில் இருந்தவனிடம் கிசுகிசுத்தான்.

"நேத்துதான் ஒருத்தனோட தலைவலியை வாங்கிட்டு உக்காந்திருக்கேன். நீ போ, கருணைக் கடலே."

லுவான் பேனாவைத் திறந்தார். ஷுச்சின் எழுந்து, கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, விரல்களை வைத்தாள். லுவான் காலை நீட்டினார், மடக்கினார்.

"என்னம்மா பண்ணீங்க?"

"பாடம் எடுத்தேன் சார்" என்று சொல்லிவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் கல்லூரி வழக்கம்போல மேசைகளில் தலை சாய்த்துத் தூங்கியது. லுவான் அறிக்கையில் 'சேர்ந்திருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிக் கார்வரை போனார். கதவைத் திறந்தவர் மூடிவிட்டு, திரும்ப மாடி ஏறினார்.

ஷுச்சின் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை தூக்கத்திலும் முழங்காலைப் பிடித்திருந்தது. மறு கை மேசைமேல் கிடந்தது. லுவான் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, காலையில் பார்த்தபடி மூன்று விரல்களை வைத்தார். நாடி கிடைக்கவில்லை. சற்றுத் தள்ளி வைத்ததும் கிடைத்தது. முழங்காலைப் பிடித்திருந்த அவள் கை மெல்ல நழுவியது.

பிறகு கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, யாரும் விழித்துவிடாதபடி முனகலை அடக்கி, ஒவ்வொரு படியாக இறங்கினார்.